பன்னிரண்டு பேர் பட்டியல்

மூன்று பழைய பம்புகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்ட வேண்டும். வேலை இவ்வளவுதான். நாலு ஃபிட்டர், ஒரு வெல்டர், ஒரு கிரேன், ஸ்டோரில் கேட்டதை எடுத்துக் கொடுக்க ஓர் ஆள். துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாளே ஆரம்பித்திருக்கலாம். எங்கள் மேலாளர் இதற்கு ஐந்து நாள் கூட்டம் போட்டார்.

ஊருக்கே தண்ணீர் அனுப்பும் நீரேற்று நிலையம் எங்களுடையது. அங்கே திட்டப் பிரிவில் நான் எழுத்தர். எந்த வேலைக்கு யார், எத்தனை நாள் என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்புவேன். மேலாளருக்கோ கட்டம் என்றால் உயிர். தலைவர் கட்டம் நீலம், அதிகாரி கட்டம் பச்சை, மற்றதெல்லாம் சாம்பல். வெள்ளைப் பலகையில் ஒரு கட்டம் போட்டு, அதற்குக் கீழே கோடு இழுத்து, இன்னும் இரண்டு போட்டு, நாலடி பின்னால் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். இருபத்தாறு வருடச் சர்வீஸில் ஒரு நட்டைக்கூடத் திருகியறியாத கை அவருடையது. அவர் முதுகுக்குப் பின்னால் எங்களுக்கு அவர் பெயரே கட்டம்தான்.

அவருக்கு அடுத்தவர் துணை மேலாளர் ஆமாஞ்சாமி. கட்டம் வாயைத் திறப்பதற்கு முன்பே இவர் தலை ஆடத் தொடங்கிவிடும். ஒருமுறை கட்டம் தும்மியதற்கும் ஆடியது.

மேலிடத்திலிருந்து பன்னிரண்டு பேருக்குத்தான் அனுமதி வந்திருந்தது. பன்னிரண்டு என்றால் சரியாகப் பன்னிரண்டு. கூடினாலும் குறைந்தாலும் கம்ப்யூட்டர் சிவப்புக் காட்டும். ஒருவர் பாதி நேரம் வேலை செய்தால் அரை ஆள் என்று போடலாம். மனிதரை அரையாகவும் காலாகவும் நறுக்கிக் கட்டத்தில் அடைக்கும் இந்தப் புத்தியைக் கண்டுபிடித்த மகானை நான் பார்த்ததில்லை. பார்த்தால் அவரையும் நாலாக நறுக்கி நாலு ஊருக்கு அனுப்ப எனக்கு ஆசை.

திங்கட்கிழமை கட்டம் தன்னைத் திட்டத் தலைவர் என்று முழு ஆளாகப் போட்டுக்கொண்டார். ஆமாஞ்சாமி இணைத் தலைவர். செவ்வாயன்று உள் ஒருங்கிணைப்பாளர் ஒருவரும் வெளி ஒருங்கிணைப்பாளர் ஒருவரும் வந்தார்கள். இந்த இருவரையும் யார் ஒருங்கிணைப்பது என்று அரை நாள் விவாதித்தார்கள். புதன்கிழமை ஒரு கண்காணிப்பு அதிகாரி. அவர் ஒழுங்காகக் கண்காணிக்கிறாரா என்று பார்க்க இன்னொருவர். பிறகு ஆவணப் பொறுப்பு, பாதுகாப்புப் பொறுப்பு, போக்குவரத்துப் பொறுப்பு. எல்லாரும் தலைமை அலுவலகத்து ஆட்கள், எல்லாரும் முழு ஆள். ஒன்பது ஆயிற்று. வியாழக்கிழமை சாயங்காலம்தான் யாருக்கோ ஞாபகம் வந்தது, பம்பைக் கழற்ற யாருமே இல்லை என்று. நாலு ஃபிட்டர் கேட்டேன். "ரெண்டு பேர் நல்லா சுறுசுறுப்பா செஞ்சா நாலு பேருக்கு சமம்" என்றார் கட்டம். ஆமாஞ்சாமியின் தலை ஆடியது. வெல்டரை, தேவைப்பட்டால் வெளியிலிருந்து கூப்பிட்டுக்கொள்ளலாமாம். பதினொன்று ஆயிற்று. மிச்சம் ஒன்று.

அந்த ஒன்றுக்காகத்தான் நான் ஐந்து நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவள் என் சித்தி மகள். எனக்கு அக்கா முறை. நிலையத்தில் எல்லாருக்குமே அவள் ஸ்டோர் அக்காதான். பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியர். இரண்டாயிரம் சாமான்களும் எந்தத் தட்டில், எந்தப் பெட்டியில் கிடக்கின்றன என்பது அவள் ஒருத்தியின் தலைக்குள் இருந்தது. பட்டியல் எழுதி வைக்க ஒரு கம்ப்யூட்டர் கேட்டாள், மூன்று தடவை. மூன்று தடவையும் கட்டம் பரிசீலித்தார். இந்த அலுவலகத்தில் எழுத்தர் வேலை காலியாக இருக்கிறது என்று விண்ணப்பத்தை வாங்கி வந்து என் கையில் திணித்தவளும் அவள்தான். நான் நிரந்தரமானேன். அவள் ஆகவில்லை.

அந்த வருடம் புது விதி ஒன்று வந்திருந்தது. மாதக் கடைசியில் ஏதாவது ஒரு திட்டத்தில் பெயர் இருக்கும் தற்காலிக ஊழியருக்குத்தான் நீட்டிப்பு. இல்லாதவர்களுக்கு ஒரு கடிதம், அத்தோடு சரி. அக்காவின் கணவர் காலமாகி ஆறு வருடம். மகள் நர்ஸிங் கடைசி வருடம் படிக்கிறாள். அந்த வீட்டில் வேலைக்குப் போகிறவள் அக்கா மட்டும்தான். திங்கட்கிழமை என் மேஜைக்கு வந்து, "தம்பி, என் பேரு வந்துடும்ல?" என்று கேட்டாள். நீ கவலையே படாதே, பட்டியல் என் கையில்தான் இருக்கிறது என்று பெரிய மனுஷத் தோரணையில் சொல்லி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கட்டம் என்னைத் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். ஐந்து நாளும் நான் பாடுபட்டதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம். மிச்சமிருக்கும் இடத்தில் என்னை அரை ஆளாகப் போடலாம், திட்டமிடல் அதிகாரி என்று பச்சைக் கட்டம். பெயர் அச்சடித்து முன்கூடத்தில் மாட்டப்படும், கண்ணாடி அறையில் ஒரு நாற்காலியும் கிடைக்கும். மற்ற அரையை ஸ்டோருக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்.

நேராகப் பணியாளர் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா நறுக்கென்று பேசுகிறவர். "அரைன்னு இருந்தா நீட்டிப்பு வராது. முழுசா ஒண்ணுன்னு இருக்கணும். நாலு மணிக்குள்ள அனுப்புங்க" என்றார். அவர் வளைத்துப் பேசவில்லை. எனக்குப் புரியாமலும் இல்லை.

என் இருக்கைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். செய்ய வேண்டியது ஒரே காரியம். என் அரையை அழித்துவிட்டு அவள் அரையை ஒன்றாக்க வேண்டும். எனக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. வேலை போகாது, சம்பளம் குறையாது, இதே மேஜையில் இதே கட்டங்களை நிரப்பிக்கொண்டிருப்பேன். கட்டத்திடம் "வேண்டாம் சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று மணி வரை அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொந்தக்காரிக்காக இடம் பிடித்தான் என்று நாலு பேர் பேசுவார்கள் என்று நினைத்தேன். பதினோரு வருட ஆளை ஒரு அரைக்காக யாரும் அனுப்பிவிட மாட்டார்கள் என்றும், அடுத்த மாதம் எப்படியாவது சரிசெய்துவிடலாம் என்றும் நினைத்தேன். எல்லாம் சப்பைக்கட்டு. உள்ளே கிடந்தது வேறு. முன்கூடத்தில் பச்சைக் கட்டத்துக்குள் என் பெயர் தெரிந்தது. ஐந்து நாளும் எந்த ஒன்பது பேரைப் பார்த்து மனசுக்குள் காறித் துப்பினேனோ, அவர்களுக்குப் பக்கத்திலேயே தெரிந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அனுப்பிவிட்டேன். கம்ப்யூட்டர் சிவப்புக் காட்டவில்லை. பன்னிரண்டு சரியாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்டோர் வாசலில் அக்கா நின்றிருந்தாள். "போட்டாச்சு" என்றேன். அது பொய் இல்லையாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கடிதம் போயிற்று. அன்று மத்தியானமே சாவிக்கொத்தை ஆமாஞ்சாமியிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டாள். என் மேஜைப் பக்கம் வரவில்லை. அன்றிரவு நான் போன் செய்தபோது எடுக்கவும் இல்லை. பிறகு நானும் செய்யவில்லை.

அதற்கடுத்த வாரம் வேலை தொடங்கியது. மூன்று பம்புகளையும் நிறுத்தியாயிற்று. மேல்நிலைத் தொட்டியில் இரண்டு நாளைக்குத்தான் தண்ணீர்; அதற்குள் ஒரு பம்பாவது ஓடியாக வேண்டும். இரண்டு ஃபிட்டர்களும் நாலு பேர் வேலையைச் செய்து, வேர்த்து விறுவிறுத்து முதல் பம்பைத் தூக்கி வெளியே வைத்தார்கள். புதியதை இறக்கினால் குழாயோடு சேரவில்லை. பழைய குழாயின் வாயில் போல்ட் துளை எட்டு, புதுப் பம்பில் பன்னிரண்டு. ஐந்து நாள் கூட்டத்தில் குழாயின் அகலத்தைப் பேசினார்கள், நீளத்தைப் பேசினார்கள். துளையை எண்ண ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. உள் ஒருங்கிணைப்பாளர் வெளி ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டார். வெளியாள் பத்தடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். கண்காணிப்பு அதிகாரி மணியைப் பார்த்து எழுதிக்கொண்டார், அவரைக் கண்காணிப்பவர் அவர் எழுதியதைப் பார்த்து எழுதிக்கொண்டார். ஆமாஞ்சாமி அன்றைக்கு ஒரே நாள்தான் யாரைப் பார்த்துத் தலையாட்டுவது என்று தெரியாமல் விழித்தார். கட்டம், குழாய் இணைப்புகளுக்காகத் தனியாக ஒரு துணைக்குழு அமைக்கலாமா என்று கேட்டார்.

மூத்த ஃபிட்டர் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். எட்டும் பன்னிரண்டும் சேருகிற மாதிரி இரண்டு வரிசைத் துளை போட்ட வளையங்கள் ஸ்டோரில் எங்கேயோ இருக்கின்றன என்றும், இப்படி ஒரு நாள் வரும் என்று அக்காதான் முன்பே செய்யச் சொல்லி வாங்கி வைத்தாள் என்றும் சொன்னார். "அவங்க இருந்திருந்தா இந்நேரம் மாட்டியிருப்போம்" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஆமாஞ்சாமி சாவியோடு ஸ்டோருக்குள் போய் ஒரு மணி நேரம் உருட்டிவிட்டுத் தலையில் தூசியோடு வந்தார். மத்தியானம் தாண்டிவிட்டது. தொட்டியில் பாதிதான் இருக்கிறது என்று செய்தி வந்தது. கட்டம் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொம்பளை உனக்கு உறவுதானே, போய்க் கேட்டுட்டு வா" என்றார்.

அக்காவின் வீடு இரண்டு தெரு தள்ளி, மாடியில். கதவு திறந்திருந்தது. தரையில் உட்கார்ந்து ஏதோ விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாலைந்து சான்றிதழ் நகல்கள், காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு டம்ளர். நான் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். ஊர், தொட்டி, தண்ணீர் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன்.

"மூணாவது அலமாரிக்குப் பின்னால, சுவர் ஓரமா சாக்குல சுத்தி வச்சிருக்கேன். மூணு இருக்கு. நடுவுல வைக்கிற கேஸ்கெட்டும் அதுக்குள்ளயே இருக்கும்" என்றாள்.

அப்படியே திரும்பி நடந்திருக்கலாம். வாசல்வரை போய்விட்டேன்.

"தம்பி, அந்தக் கடுதாசியில எனக்கு அரைன்னு போட்டிருந்துச்சு. மிச்ச அரை யாரு?"

அதெல்லாம் மேலாளர் முடிவு செய்தது, என் கையில் எதுவும் இல்லை என்று பூசி மெழுகினேன். அவள் பேனாவை மூடவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, முதல் தடவை கேட்ட அதே குரலில் மறுபடியும் கேட்டாள்.

"அது சரி. யாரு?"

"நான்தான்" என்றேன்.

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் எனக்குப் பதில் சொல்லவாவது ஏதாவது கிடைத்திருக்கும். அவள் குனிந்து விண்ணப்பத்தில் விட்ட இடத்தைத் தேடி எழுத ஆரம்பித்தாள்.

வளையம் அவள் சொன்ன இடத்திலேயே இருந்தது. சாக்கைப் பிரித்தால் துருவே இல்லை. எண்ணெய் தடவி வைத்திருந்தாள். சாயங்காலத்துக்குள் பம்பு ஓடிவிட்டது. கட்டம் எல்லாரையும் முன்கூடத்தில் கூட்டி வைத்து, சரியான நேரத்தில் சரியான வளத்தைக் கண்டுபிடிப்பதுதான் திட்டமிடல் என்றார். மற்ற எட்டுப் பேரும் கைதட்டினார்கள். ஃபிட்டர்கள் இருவரும் கை கழுவப் போயிருந்தார்கள். பச்சைக் கட்டத்துக்குள் இருந்த என் பெயரைக் கட்டம் விரலால் தொட்டுக் காட்டினார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நன்றி சார்" என்றேன்.