வாசலில் ஆற வைத்த காஸ்டிக்

சண்டைக் காலத்தில் சீமைச் சோப்பு வரத்து நின்றதும் தென்காசியில் ஆளாளுக்குச் சோப்பு முதலாளி ஆகப் பார்த்தார்கள். பேராச்சி புருஷன் வல்லிநாயகம் மட்டும் சும்மா இருப்பாரா?

"தேங்காய் எண்ணெயைக் காஸ்டிக் சோடா தின்னுதுட்டி. தின்னு முடிச்சா சோப்பு. அம்புட்டுதான்."

"ஒடம்புல பட்டா?"

"ஒடம்பையும் தின்னும். கிட்ட வராத."

அன்றிலிருந்து அவர் சோப்புச் சாமான் பக்கமே அவள் போவதில்லை.

வீடு குற்றாலம் போகிற ரோட்டில். சாரல் பிடித்துவிட்டால் அருவிக்கு நடந்து போகிறவர்களுக்கு வாசலில் ஒரு பானை தண்ணீர் வைப்பார்கள். ஒரு நாள் காலையில் அந்தப் பானையைக் கழுவி நிரப்ப அவள் கிணற்றடிக்கு எடுத்துப் போனாள். வல்லிநாயகம் வேறொரு பானையில் காஸ்டிக்கைத் தண்ணீரில் கரைத்தார். அடுப்பில்லாமலே அது கொதித்தது. ஆறினால்தான் எண்ணெயோடு சேர்க்கலாம். காற்று வருகிற இடமாச்சே என்று வாசலில் தண்ணீர்ப் பானை இல்லாமல் காலியாகக் கிடந்த வைக்கோல் பிரிமணையிலேயே காஸ்டிக் பானையை வைத்து மூடிவிட்டு எண்ணெய் வாங்கப் போய்விட்டார். பெரிய புத்திசாலி!

பேராச்சி திரும்பி வந்தால், பிரிமணையில் வேறு பானை. மூடி கீழே கிடந்தது. வழிப்போக்கர் மொள்ள வைத்திருந்த அகப்பை நனைந்திருந்தது. உள்ளேயிருந்து ஆவி வந்தது. யாரோ மொண்டு போயிருக்கிறார்கள்.

"அடப் பாவி மனுஷா!"

தண்ணீர்ப் பானையைப் போட்டுவிட்டுக் குற்றாலம் பக்கம் ஓடினாள். யார் பெற்ற பிள்ளை தொண்டை வெந்து எங்கே கிடக்கிறதோ! முப்பிடாதியம்மா, என்னைக் கொலைகாரி ஆக்கிராதே தாயே என்று வாய் அரற்றியது.

மருத மரத்தடியில் ஒருத்தி, இருமுகிற மகளை மடியில் வைத்துக்கொண்டு, பித்தளைச் செம்பை ஊதி ஊதிப் பிள்ளை வாயருகே கொண்டுபோனாள்.

"குடுக்காதீக!"

பேராச்சி பாய்ந்து தட்டிவிட்டாள். செம்பு தட்டிவிட்டவள் கால்மேலேயே கவிழ்ந்தது.

"கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? ஏதோ மகராசி வெந்நீர் வச்சிருக்காளேன்னு பிள்ளைக்கு ஆத்திக் குடுக்கேன்..."

"வெந்நீர் இல்ல, காஸ்டிக்" என்பதற்குள் பேராச்சி அலறிவிட்டாள். குனிந்து துடைக்கப் போனால் கால் தோல் வழுக்கியது. வழுக்கிக்கொண்டே உரிந்து வந்தது.

பார்த்த தாய் மகளைப் பிடித்து உலுக்கினாள். "குடிச்சியாட்டி? சொல்லுட்டி, குடிச்சியா?"

பிள்ளை இல்லையென்று தலையாட்டியது.

பேராச்சி நொண்டிப் போய்ப் பக்கத்து வாய்க்காலில் காலை விட்டாள்.

"தண்ணி வேணும்மா" என்றது பிள்ளை.

வாய்க்கால் தெளிவாகத்தான் ஓடியது. ஆனாலும் ரெண்டு பேருக்கும் அள்ளிக் கொடுக்கக் கை வரவில்லை.