ஓவியாவின் உச்சந்தலை

அனுமந்தன்பட்டியில் என் அக்கா பாண்டீஸ்வரி அளவுக்குத் திராட்சைத் தோட்டம் பார்க்க ஆளில்லை. கொடியில் பூஞ்சை தெரிந்தால் அன்றைக்கே மருந்தடித்துவிடுவாள். அப்படியொரு பூஞ்சை மகள் ஓவியாவின் தலையில் வந்தபோதுதான் அவள் புத்தி எங்கோ மேயப் போய்விட்டது.

ஓவியா படிக்கும் ஒன்றாம் வகுப்பில் பல பிள்ளைகளுக்கு வட்டவட்டமாக முடி கொட்டியது. ஆளுக்கு ஆள் சீப்பை மாற்றிக்கொண்டால் பரவாமல் என்ன செய்யும்? டாக்டர் மாத்திரை கொடுத்து, நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். சாப்பிட ஆரம்பித்த வாரமே ஓவியாவின் உச்சந்தலை வீங்கி, சீழ்க்கொப்புளங்கள் கிளம்பின. அக்கா மாத்திரையைப் பரண்மேல் எறிந்துவிட்டு வாசலில் வேப்பிலை செருகினாள்.

நான் போய்க் கத்தினேன்.

"அக்கா, இது அம்மை இல்ல. மத்த பிள்ளைக மாத்திரை தின்னு தேறிருச்சுக."

"ஏலே கர்ணா, வாயக் கழுவு. ஆத்தா முத்துப் போட்டு வந்திருக்கா. மருந்து குடுத்தா கோவிச்சுக்கிருவா. வேப்பிலை வச்ச வீட்டுக்குள்ள வராத, அங்கனயே நில்லு."

உள்ளே பிள்ளை வலியில் அனத்துவது தெருவுக்கே கேட்டது.

ஒருவழியாகப் புண் ஆறியது. ஆத்தா இறங்கிவிட்டாள் என்று அக்காவுக்கு ஒரே பூரிப்பு. சித்திரைத் திருவிழாவில் வீரபாண்டி அம்மன் கோயிலுக்குப் போய், நேர்ந்துகொண்டபடி தாய்மாமனான என் மடியில் பிள்ளையை உட்கார வைத்தாள். மொட்டை போடுகிறவர் சுற்றிலும் வழித்துவிட்டு, உச்சியில் கையை நிறுத்தினார்.

"இங்கன வழிக்க ஒண்ணுமே இல்லையே."

"மொட்டை போட்டா எல்லாம் புதுசா மொளைச்சிரும்னு அம்மா சொல்லுச்சு மாமா," என்றாள் ஓவியா.

ஆடிக்குள் மற்ற இடமெல்லாம் முடி வந்துவிட்டது. உச்சியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வழுவழுவென்று தோல். நான் பிடிவாதமாகக் கூட்டிப்போக, டாக்டர் தடவிப் பார்த்தார்.

"வேர் செத்துப்போச்சும்மா. இனி இங்க மொளைக்காது. மாத்திரையை விடாம குடுத்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

அக்கா அழவில்லை. பஸ் ஏறியதும் என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, அடுத்த சித்திரைக்கும் மொட்டை நேந்துக்கிட்டேன். ஆத்தா குடுப்பா."

எங்களுக்கு நடுவில் இருந்த ஓவியா இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.

"வேணாம் மாமா. இருக்குறதும் போயிரும்."