சபைக்கு வைக்கும் பிடி அரிசி

எங்கள் மிசோ மலையில் உலை வைக்கும்போது முதல் பிடி அரிசி கிறிஸ்தவ சபைக்கு. காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி, அடுப்போரத்து டப்பாவில் போட்டுவிட வேண்டும். வாரம் ஒரு முறை சபைப் பெண்கள் வீடு வீடாக வந்து அதை எடுத்துக்கொண்டு போவார்கள்.

என் மகன் ருவாத்தா போனபிறகு என் டப்பாவில் அரிசி விழவில்லை. மழையில் சரிந்த மண் அவன் ஓட்டிவந்த ஜீப்பைப் பள்ளத்தில் தள்ளிவிட்டது. அடக்கம் முடிந்தது. ஊரே என் வீட்டில் உட்கார்ந்து துக்கப் பாட்டுகள் பாடி முடித்தது. எல்லோரும் கிளம்பிப் போனார்கள், வீட்டில் நான் மட்டும். எனக்கு அழுகை வரவில்லை, பசியும் வரவில்லை. யாராவது தேநீர் கொடுத்தால் குடித்தேன். கொடுக்காவிட்டால் அந்த நினைப்பே இல்லை.

அரிசி வாங்க வருவது சோபியாகி அக்காவும் தன்மாவியும். சோபியாகி அக்காவின் வாய் ஊரறிந்த வாய். ஒரு வீட்டு அரிசியைக் கையில் தூக்கிப் பார்த்தே அந்த வீட்டில் பக்தி எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். பிரசங்கத்தில் தூங்கியவன், பிந்தி வந்தவள், பாட்டில் சுருதி தப்பியவள், யாரும் அவளிடம் தப்ப முடியாது. ஆமென் சொன்ன வாய் மூடுவதற்குள் ஆரம்பித்துவிடுவாள். எனக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. அவள் ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்லாமல் விட்டதில்லை.

முதல் தடவை காலி டப்பாவைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனாள். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த தடவை டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினாள்.

"சாவு எல்லார் வீட்லயும்தான் நடக்குது. அதுக்காக கர்த்தருக்கு ஒரு பிடி அரிசி வைக்கக்கூடவா மனசு வராது? கோபம்னா அவர்கிட்ட நேரா சொல்லு. டப்பாகிட்ட ஏன் காட்டறே?"

தன்மாவி அவள் சால்வையைப் பிடித்து இழுத்தாள். வேறு சமயமாக இருந்தால் அக்காவை நான் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்று எதுவும் வரவில்லை. யாரையோ திட்டுகிறாள் போல என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சமைச்சாதானே அக்கா வைக்கிறதுக்கு" என்றேன்.

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. குனிந்து அடுப்புச் சாம்பலில் கை வைத்தாள், சில்லிட்டிருந்தது. சாவுக்கு வந்தவர்கள் கொண்டுவந்த அரிசி மூட்டை வாய் பிரிக்காமல் மூலையில் கிடந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் கன்னம் ஒட்டிப்போனதை அப்போதுதான் கவனித்தாள் என்று நினைக்கிறேன். இனி என்ன தீர்ப்பு வரப்போகிறதோ என்று காத்திருந்தேன்.

மிச்ச வீடுகளுக்குத் தன்மாவியைத் தனியாகப் போகச் சொன்னாள். "போற வீட்ல அரிசியைத் தூக்கிப் பார்த்து ஒண்ணும் பேசாதே. சாப்பிட்டாங்களான்னு கேளு."

"தூக்கிப் பார்க்கிறது நான் இல்லையே அக்கா."

"தெரியும்" என்றாள் சோபியாகி அக்கா. குரல் இறங்கிவிட்டது.

மூட்டையைப் பிரித்தாள். விறகு ஈரமாக இருந்ததால் ஊதி ஊதிக் கண் சிவந்தது. முதல் பிடி அரிசியை அள்ளியவள் பழக்கதோஷத்தில் டப்பா பக்கம் திரும்பினாள். கொஞ்சம் நின்றாள். பிறகு அதையும் உலையிலேயே போட்டாள்.

"அடுப்பைப் பார்க்காமயே பேசிட்டேன், ருவாத்தா அம்மா. பேசினது தப்பு."

அடக்கத்துக்குப் பிறகு யாரும் என்னை அப்படிக் கூப்பிடவில்லை. கூப்பிடப் பயந்தார்கள். மன்னிக்கிற அளவுக்குக்கூட எனக்குள் எதுவும் இல்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

சோறும் கொல்லையில் பறித்த கடுகுக்கீரையும் தட்டில் வந்தன. ஒரு வாய் வைத்தேன். கீரை அரைவேக்காடு, உப்பு சுத்தமாக இல்லை. இத்தனை வயசாகியும் கீரை வேகவைக்கத் தெரியவில்லையே இவளுக்கு என்று மனசுக்குள் ஒன்று கிளம்பியது. மகன் போனபிறகு என்னுள் கிளம்பிய முதல் சங்கதி அதுதான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அக்கா சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழுங்கினேன். "இன்னும் கொஞ்சம் கீரை போடுக்கா" என்றேன்.