பாளையம்பட்டியில் விளைந்த தங்கச்சிமடம்

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் மல்லிகை போடுகிற சம்சாரிக்கு நாற்று என்றால் அது தங்கச்சிமடத்து நாற்றுதான். ராமேசுவரம் தீவில், கடல்காற்று பட்டு, மணலில் வேர்விட்ட குச்சி. அதுதான் பிடிக்கும், அதுதான் பூக்கும், மற்றதெல்லாம் ஆட்டுக்குத் தழை என்று பரளச்சியிலிருந்து மல்லாங்கிணறு வரை எல்லோரும் ஒரே முடிவாக இருந்தார்கள். ஐயாத்துரைக்கும் அந்த முடிவில் ஆட்சேபம் இருந்ததில்லை, 1984-ஆம் வருஷம் வரைக்கும். அந்த வருஷம்தான் அவர் அண்ணன்மாரோடு சேர்ந்து பார்த்த வத்தல் மண்டியிலிருந்து விலகி, பாளையம்பட்டி ரோட்டோரத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு இருந்த தன் பங்கு நிலத்தில் நர்சரி வைத்தார்.

மூங்கில் பத்தைகளை வில்லாக வளைத்து ஊன்றி, மேலே பாலிதீன் தாளைப் போர்த்தி, உள்ளே குண்டாற்று மணலில் பாத்தி கட்டினார். மதுரையில் ஒரு விவசாயக் கண்காட்சியில் பார்த்துவிட்டு வந்த ஏற்பாடு. ஊர் அதற்குப் பிளாஸ்டிக் வீடு என்று பெயர் வைத்தது. மல்லிகைக் குச்சியை வெட்டி மணலில் சொருகிவிட்டு, வேர் பிடிக்கும் வரை இலை வாடாமல் பனி மாதிரித் தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலை அவர் மனைவி கனகலட்சுமியுடையது. அதிகம் அடித்தால் அழுகும், குறைந்தால் காயும். அந்தப் பக்குவம் அவள் கைக்கு வந்தது. ஐயாத்துரை கைக்கு வரவில்லை.

முதல் வருஷம் எல்லாக் குச்சியும் வேர்விட்டது. ஒரு கட்டும் விற்கவில்லை. வந்தவர்கள் நாற்றைப் பார்த்தார்கள், வேரைப் பார்த்தார்கள், நல்லாத்தான் இருக்கு என்றார்கள். எந்த ஊரு நாற்று என்று கேட்டார்கள். பாளையம்பட்டி என்றதும், வீட்டில் கலந்து பேசிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். கலந்து பேசியவர்கள் திரும்பி வந்ததில்லை.

அடுத்த வருஷம் ஐப்பசியில் பரளச்சி சின்னச்சாமி வந்தார். கிணற்றுத் தோட்டம் உள்ளவர், நாலு பேர் அவர் பேச்சைக் கேட்டு நடப்பார்கள். ஐயாத்துரை அப்போது வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு நாற்றுக் கட்டுக்கு ஈரச் சாக்கு சுற்றிக்கொண்டிருந்தார். "தங்கச்சிமடத்து லோடா, அண்ணாச்சி?" என்றார் சின்னச்சாமி. ஐயாத்துரை வாயைத் திறந்தால் வெற்றிலைச் சாறு வேட்டியில் விழும். "ம்" என்றார்.

அந்த ஒரு எழுத்தில் பத்துக் கட்டு விற்றது. மறுநாள் சின்னச்சாமி அனுப்பியதாக இன்னும் மூன்று பேர் வந்தார்கள். துப்பிவிட்டுத் திருத்திச் சொல்ல ஐயாத்துரைக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

பொய் சிறியதாக இருந்தாலும் அதற்குப் பராமரிப்பு வேண்டியிருந்தது. லோடு என்றைக்கு வரும் என்று கேட்டார்கள்; வியாழக்கிழமை என்று சொல்லிவிட்டதால், வியாழக்கிழமை விடியும் முன்பே நாற்றைப் பிடுங்கிக் கட்டி, லாரியிலிருந்து இறக்கியதுபோல ரோட்டோரமாக அடுக்கி வைக்க வேண்டியதாயிற்று. கடல்மண் என்றால் கிளிஞ்சல் இருக்குமே, இதில் காணோமே என்று ஒருவர் வேரை உதறிப் பார்த்துக் கேட்டுவிட்டார். அந்த வாரமே ஐயாத்துரை சுண்ணாம்புக் காளவாசலில் ஒரு சாக்குக் கிளிஞ்சல் வாங்கிவந்து, நொறுக்கி, கட்டுக்கட்டாகத் தூவினார். கிளிஞ்சலைப் பார்த்த சம்சாரிகளுக்கு முகம் மலர்ந்தது. கனகலட்சுமி மட்டும் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இப்படியே ஆறு வருஷம் ஓடியது. நாற்று போன இடமெல்லாம் பிடித்தது, பூத்தது. சின்னச்சாமி தோட்டத்துப் பூ டவுனு மார்க்கெட்டில் தனியாகப் பேர் வாங்கியது. கனகலட்சுமி பொங்கலுக்குத் தாய்வீடான மல்லாங்கிணற்றுக்குப் போயிருந்தபோது, அவள் தங்கை சுபத்ரா தலைநிறையப் பூவோடு வந்து நின்று, தங்கச்சிமடத்துச் செடியில் பூத்தது என்றும், அந்த ஊர்ப் பெண்கள் கை ராசியே தனி என்றும் சொன்னாளாம். கனகலட்சுமியால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அன்று சாயந்திர பஸ்ஸிலேயே ஊர் திரும்பிவிட்டாள்.

மறுநாள் காலை பிளாஸ்டிக் வீட்டுப் பக்கமே அவள் போகவில்லை. ஐயாத்துரை கூப்பிட்டார்.

"தங்கச்சிமடத்துக்காரியக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லுங்க. அவ கைதானே ராசி."

"யாவாரத்துக்குச் சொன்னது. அதுக்குப் போயி."

"யாவாரம் ஓங்களுது. கை என்னுது. இது பாளையம்பட்டி நாத்துன்னு வெளியாளு ஒருத்தர் வாயால கேக்குற வரைக்கும் நான் அதுக்குள்ள வர மாட்டேன்."

ஐயாத்துரை தானே அடித்துப் பார்த்தார். ஒரு பாத்தி அழுகியது. பயந்து குறைத்தார். அடுத்த பாத்தி காய்ந்தது. கனகலட்சுமி சமையல்கட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டே இரண்டையும் பார்த்தாள். உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலைக்கு ஐயாத்துரை வந்தார். முதலில் பொய் கேட்டவரிடமே முதலில் உண்மையையும் சொல்வது முறை என்று தோன்றியது. சின்னச்சாமிக்கு ஆளனுப்பினார்.

வந்தவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஆதியிலிருந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். வெற்றிலையைச் சொன்னார், வியாழக்கிழமையைச் சொன்னார், கனகலட்சுமியின் கையைச் சொன்னார். சின்னச்சாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, சரக்கு எங்க எடுக்குறோம்னு யாவாரி சொல்ல மாட்டான். அது எனக்கும் தெரியும். அதுக்காக இம்புட்டுத் தூரம் போகணுமா?"

"அண்ணே, சத்தியமா எங்க வீட்டுல வளத்ததுதான்."

"அப்ப கிளிஞ்சலு குண்டாத்துல வெளையுதோ?"

கிளிஞ்சலின் கதையையும் ஐயாத்துரை சொன்னார். அதைக் கேட்டதும் சின்னச்சாமிக்குச் சந்தேகம் தீர்ந்துபோயிற்று. காளவாசலில் கிளிஞ்சல் வாங்கி நாற்றில் போடுகிற பைத்தியக்காரன் உலகத்தில் எவனும் இருக்க மாட்டான் என்றார். பிளாஸ்டிக் வீட்டுக்குள் அழைத்துப் போய்க் காட்டியதற்கு, அங்கிருந்து கொண்டுவந்து இங்கே ஊன்றி வைத்திருப்பதாகச் சொன்னார். அதிலும் பாதி அழுகிக் கிடப்பதைப் பார்த்து, "இந்த மண்ணுக்கு அது ஒத்துக்கிடலைல்ல, பாத்தீகளா" என்றார்.

பாம்பனில் ரோட்டுப் பாலம் திறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. முன்புபோல ரயிலுக்குக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை, பஸ்ஸே கடலைத் தாண்டிப் போயிற்று. தன்னையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போய் அந்தத் தோட்டத்தைக் காட்ட வேண்டும் என்று சின்னச்சாமி பிடிவாதம் பிடித்தார். ஐயாத்துரைக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. தங்கச்சிமடத்தை அவர் பார்த்ததே இல்லை. அங்கே ஒரு நாய்க்குக்கூட அவரைத் தெரியாது. அது ஒன்றே போதாதா?

அடுத்த வாரமே கிளம்பினார்கள். சின்னச்சாமி தன் தோட்டத்தில் நடாமல் மீந்த இரண்டு நாற்றை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். பரமக்குடியில் பஸ்ஸு மாறி, பாலம் தாண்டி, மத்தியானம் போய் இறங்கினார்கள். தென்னைக்குக் கீழே வெள்ளை மணலில் நாற்று பச்சைக் கம்பளமாகக் கிடந்தது. கண்ணில் பட்ட முதல் தோட்டத்துக்குள் நுழைந்தார்கள். அதை நடத்துகிறவள் மாரிக்கனி என்ற அம்மாள். நாற்றை எண்ணிக் கட்டுகிற பெண்களை ஏவிக்கொண்டு நின்றாள். ஐயாத்துரையைப் பார்த்து, யாரு, எந்த ஊரு என்று விசாரித்தாள். ஐயாத்துரை வெற்றியோடு சின்னச்சாமியைத் திரும்பிப் பார்த்தார். சின்னச்சாமி தெரிந்துகொண்டவர்போல மெதுவாகத் தலையை ஆட்டினார்.

பிறகு ஈரத்துணியை அவிழ்த்து நாற்றை அவளிடம் நீட்டி, இது உங்கள் சரக்குதானே என்றார். மாரிக்கனி வேரைக் கையில் ஏந்தி, விரலால் கோதிப் பார்த்தாள். வேலை செய்த பெண்களில் ஒருத்தியைக் கூப்பிட்டு அவளிடமும் காட்டினாள்.

"இது எங்க நாத்து இல்ல. எங்களுது வெட்டவெளி மணல்ல வாரது, வேரு ஒத்தையா நீளமா ஓடும். இது தாடி மாதிரி அடஞ்சு கெடக்கு. மூடாக்குக்குள்ள வச்சு வளத்தது. யாரு வளத்தது?"

"எங்க வீட்டுல. பாளையம்பட்டில" என்றார் ஐயாத்துரை.

மாரிக்கனி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். போன மழையில் தன் பாத்தி பாதி முங்கிப்போனதையும், வெளியூர் ஆர்டருக்குப் பதில் சொல்ல முடியாமல் இருப்பதையும் சொல்லி, சித்திரை மாதத்துக்குள் ஒரு லோடு பாளையம்பட்டி நாற்று அனுப்ப முடியுமா என்று கேட்டாள். வீட்டில் கேட்டுச் சொல்வதாக ஐயாத்துரை சொன்னார். அந்த வார்த்தையை அன்றைக்கு அவர் மெய்யாகவே சொன்னார்.

திரும்புகிற பஸ்ஸில் சின்னச்சாமி ஜன்னலோரம் உட்கார்ந்து வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பாலம் முடிந்ததும் வாயைத் திறந்தார்.

"அந்தம்மாவுக்கு நல்லாச் சொல்லிக் குடுத்து வச்சிருக்கீக, அண்ணாச்சி."

ஐயாத்துரை அவர் பக்கம் திரும்பினார்.

"யாரு எந்த ஊருன்னு கேட்டாக பாருங்க, அதுலதான் மாட்டிக்கிட்டாக. ஆறு வருசமா லோடு எடுக்குறவர அப்பிடியா கேப்பாக? கோவிச்சுக்கிடாதீக. வழி பாத்துக்கிட்டேன். வார வருசம் நானே நேரா தங்கச்சிமடம் வந்து எடுத்துக்கிடுதேன்."

வீடு வந்து சேர இருட்டிவிட்டது. கனகலட்சுமி தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். ஐயாத்துரை கால் கழுவிக்கொண்டே நடந்ததைச் சொன்னார். தாடி மாதிரி வேர் என்று மாரிக்கனி சொன்னதை இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவையும் அவள் முதல் தடவை மாதிரியே கேட்டுக்கொண்டாள்.

"என்ன பேரு சொல்லி லோடு கேட்டாக?"

"பாளையம்பட்டி நாத்துன்னுதான். அவுக வாயாலயே."

"அத அவுக என்ன பேரு சொல்லி விப்பாக?"

ஐயாத்துரை துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்க வேண்டியதற்கு மேலேயே துடைத்தார்.

"தங்கச்சிமடம்னுதான்" என்றாள் அவளே. சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, பொய்யி இனி அவுக பாடு. சின்னச்சாமி அண்ணன் ரெண்டு பஸ்ஸு மாறிப் போயி, நம்ம நாத்தவே செமந்துக்கிட்டு நம்ம வாசல் வழியா வரட்டும். தாகத்துக்குத் தண்ணி கேட்டா குடுத்து அனுப்புவோம்."

விடிந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பிளாஸ்டிக் வீட்டுக்குள் போனாள். அழுகின குச்சிகளை அவள் பிடுங்கி வெளியே எறிகிற சத்தமும், கூடவே ஐயாத்துரையின் கைப்பக்குவம் பற்றி அவள் சொன்ன சில வார்த்தைகளும் ரோடு வரைக்கும் கேட்டன. ஐயாத்துரை ஆற்றுமணலுக்கு வண்டி சொல்லப் போனார்.