ஸ்தமென் அண்ணனின் பொட்டாசியம்

தொலைபேசியில் டாக்டர் ஹாஜியெவின் குரல் ஆய்வுக்கூடமே அதிரும்படி வந்தது.

"ரதோஸ்தினா, மாடி வார்டு ஸ்தமெனுக்குப் பொட்டாசியம் எட்டரைன்னு அனுப்பியிருக்கியே, நெசமா? இல்ல உன் மெஷினுக்கு மறுபடியும் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

போன வாரம்தான் அந்தக் கருவியைப் பழுது பார்த்திருந்தார்கள். அதிலிருந்து, மலையடிவாரத்து அந்தச் சின்ன மருத்துவமனையில் எந்த எண் ஏறி இறங்கினாலும் பழி ரதோஸ்தினாவின் தலையில்தான் விழுந்தது. பதினேழு வருடமாக இரத்தம் சோதிக்கிறவளுக்கு அது முள்ளாகக் குத்தியது.

"ஈசிஜி எப்படி இருக்கு டாக்டர்?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அஞ்சைத் தாண்டக் கூடாதது எட்டரைன்னா இதயமே நின்னுடும், ஈசிஜியை நம்பி உக்காந்திருக்க முடியுமா? பொட்டாசியத்தை இறக்க ஊசி தயார். ப்லோவ்திவ் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்சும் சொல்லிட்டேன்."

"கால் மணி நேரம் கொடுங்க. அதுவரை ஊசி மட்டும் வேண்டாம்."

ஏறாத பொட்டாசியத்தை ஊசி போட்டு இறக்கினால் அதுவே ஆளைக் கொன்றுவிடும்.

அளவு தெரிந்த இரண்டு கரைசல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கருவிக்குக் கொடுத்து அளவைச் சரிபார்த்தாள். பிறகு, விடை முன்கூட்டியே தெரிந்த சோதனைத் திரவத்தை வைத்தாள். நான்கு புள்ளி ஒன்று வரவேண்டும். அச்சுப் பிசகாமல் அதுவே வந்தது.

கருவி பொய் சொல்லவில்லை. அப்படியானால்?

ஸ்தமெனின் இரத்தத்தில் மிச்சமிருந்த துளியில் கால்சியம் பார்த்தாள். அரை. இருக்கவேண்டியதில் கால்பங்குகூட இல்லை. கால்சியம் இவ்வளவு குறைந்திருந்தால் ஒரு மனிதனுக்கு இந்நேரம் கைகால் இழுத்திருக்க வேண்டும். அவள் மாடிக்கு ஓடினாள்.

ஸ்தமென் கட்டிலில் சம்மணமிட்டுப் பாலாடைக்கட்டி அப்பத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"வா பொண்ணு. நான் சாகப்போறேன்னு சொன்னது நீதானாமே? இதைத் தின்னு முடிச்சுடறேனே!"

"விரல் மரத்துப்போகுதாண்ணே?"

"சூப்புல உப்பில்லாமப் போனதுதான் எனக்கு வந்த ஒரே கேடு."

ரதோஸ்தினா செவிலி நெத்யல்கா பக்கம் திரும்பினாள். "இவருக்கு ரத்தம் எடுத்தது நீதானே? ஊதா மூடிக் குழாய்லேர்ந்து சிவப்புக்கு ஊத்தினியா?"

நெத்யல்காவின் முகம் வெளுத்தது. "நரம்பு கிடைக்கலக்கா. சிவப்புல பாதிதான் வந்துச்சு. ரெண்டும் அவர் ரத்தம்தானேன்னு..."

"ரத்தம் அவரோடதுதான். ஊதாக் குழாய்ல இருக்கிற மருந்து அவரோடது இல்லையே! உறையாம இருக்கப் போட்ட பொட்டாசிய உப்புடி அது. கால்சியத்தையும் விழுங்கிடும்."

வாசலில் நின்ற ஹாஜியெவ் வாய் திறப்பதற்குள் அவள் ஸ்தமெனின் மறு கையைப் பிடித்தாள். ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. சிவப்பு மூடிக் குழாய் நிரம்பியது.

"இது உறைய அரை மணி ஆகும் டாக்டர். அவசரப்பட்டு அதுக்குள்ள சுழலியில வச்சுச் சுத்தினா மறுபடியும் தப்பாத்தான் வரும்."

ஹாஜியெவ் மானிட்டரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. காத்திருக்கேன்."

குழாயை அவள் குலுக்காமல் கீழே கொண்டுபோனாள். உறைந்ததும் சுழலியில் வைத்தாள். மேலே தெளிந்து நின்ற மஞ்சள் நீரைக் கருவிக்குக் கொடுத்தபோது ஹாஜியெவே அவள் தோளருகே வந்து நின்றிருந்தார். திரையில் எண்கள் ஏறின.

பொட்டாசியம் நான்கு புள்ளி மூன்று. கால்சியம் இரண்டு புள்ளி நான்கு.

ஹாஜியெவ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஊசி என் கையில இருந்துச்சு, ரதோஸ்தினா." பிறகு எழுந்து, தாழ்வாரத்தில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார்: "மெஷின் மேல பழி போட்டது என் தப்பு. இனிமே இவ 'நில்லுங்க'ன்னா நான் நிப்பேன்!"

நெத்யல்கா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரதோஸ்தினாவுக்குச் சிரிப்பு பொங்கியது. கையுறையைக் கழற்றி வீசிவிட்டு, முடிவுத்தாளில் தன் பெயரை முழுசாக, பெரிதாக எழுதிக் கையெழுத்திட்டாள்.