கண்ணுக்கு எட்டும் இடம் வரை

1

போன வாரம் டிஜோ கத்தாரிலிருந்து போன் செய்தபோது அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இந்தக் கதை பிறந்தது அதனால்தான். மற்ற காரணங்களெல்லாம் சும்மா. எழுதுகிறவள் ஜெனிலா. 'நான்' என்று தொடங்கினால் அழுகை முட்டுகிறது. ஆகவே 'அவள்' என்றே போகட்டும்.

2

(அடித்த தொடக்கம்: "முட்டத்துக் கடல் அன்றைக்கு நீலமாக..." ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.)

2008, கல்லூரி விடுமுறை. தோழி அபினாவின் வீட்டு மொட்டைமாடியில், டிஜோவையும் சேர்த்து மூன்று பேரும் பகடை உருட்டிக் கதை விளையாடினார்கள். ஜெனிலா கதை சொல்வாள், தீர்ப்பும் அவளே. மற்ற இருவரும் கதைக்குள் ஆட்களாக நடமாடுவார்கள். விதிப்புத்தகம் டிஜோவின் அண்ணன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்தது. ஆட்களைக் குறிக்கும் பொம்மைகளுக்குப் பதில் சோழிகள். எவ்வளவு சந்தோஷமான மாடி அது!

டிஜோவின் ஆள் கொண்டல் என்ற மாயாவி. கண்ணால் காணும் இடத்துக்கு இமைக்கும் நேரத்தில் பாய்ந்துவிடுவான். கடைசி ஆட்டத்தில் அபினாவின் ஆள் கடலடிப் பாறைக்குகையில் மாட்டிக்கொண்டாள், கழுத்துவரை தண்ணீர். கொண்டல் மேலே படகில் இருந்தான்.

"பாயுதேன்," என்றான் டிஜோ.

"குகை ஒனக்குத் தெரியல்லியே. காணாத எடத்துக்குப் பாய முடியாது," என்றாள் ஜெனிலா.

"ஏட்டி, எங்கப்பா கடலுக்கடியில கெடக்க பாறைய கண்டுட்டா வலை போடுதாரு? கரையில தெரியுத லைட்ஹவுசையும் மலையையும் நேர் வச்சு எடத்த குறிப்பாரு, அதான் கணியம். பாறை கீழ இருக்கும். கணியம் வச்சா கண்டதுதான்."

"பொஸ்தகத்துல கண்ணுன்னுதான் போட்டிருக்கு," என்றாள் அவள்.

"எழுதுனவன் கடலுக்குப் போயிருக்கானா?"

"மக்கா, சண்டைய அப்புறம் வைங்க. எனக்கு மூச்சு முட்டுது," என்றாள் அபினா.

"நாளைக்குச் சொல்லுதேன்," என்று ஜெனிலா சோழிகளை அப்படியே விட்டு எழுந்தாள்.

அன்று மாலையே டிஜோவுக்குக் கத்தார் விசா வந்துவிட்டது; அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. (கதைக்கு வசதியாக வருகிறதே என்று நினைப்பீர்கள். நான்... அவள் இட்டுக்கட்டவில்லை. எங்கள் பக்கம் விசா இப்படித்தான் வரும்.)

3

அதன்பிறகு ஒவ்வொரு போனிலும் அவனுடைய முதல் கேள்வி அதுதான்: "அபினா உயிரோட இருக்காளா?"

"யோசிக்கேன்," என்பாள் ஜெனிலா.

மார்த்தாண்டத்தில் வாழ்க்கைப்பட்ட அபினாவும் சந்தையில் கண்டால் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கேட்பாள்: "ஏட்டி, நான் செத்தனா, இருக்கனா?"

தீர்ப்பு சொன்னால் ஆட்டம் முடிந்துவிடும். முடிந்துவிட்டால் டிஜோ எதற்குப் போன் செய்வான்? அவன்மேல் அவளுக்கிருந்த ஆசைக்கு அந்தக் குகை ஒன்றுதான்

(இந்த வாக்கியத்தை முடிக்க அவளால் ஆகவில்லை.)

ஐந்து வருடம் இழுத்தாள். போன வாரம் அவன் வெயிலைப் பற்றிப் பேசினான், சம்பளத்தைப் பற்றிப் பேசினான், வைத்துவிட்டான்.

4

முடிவு அ: பாயலாம். அபினா பிழைக்கிறாள். சோழிகளை எடுத்து வைத்துவிடலாம். இனி போனில் வெயில் மட்டுந்தான்.

முடிவு ஆ: பாய முடியாது, கண் என்றால் கண்தான். அப்படியானால் கத்தாரில் இருப்பவனுக்கு முட்டமும், முட்டத்தில் இருப்பவளுக்கு அவனும்

(ஆ-வை அடித்தாயிற்று.)

5

இந்த முறை அவளே எண்ணை அழுத்திவிட்டாள். மணி போகிறது.

நீங்கள் முட்டத்தைப் பார்த்திருக்கமாட்டீர்கள். ஆனாலும் எதை எதோடு நேர் வைக்கவேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அந்த மாடிக்குச் சற்றுமுன் வந்தும் போனீர்கள்.

"அலோ... ஏட்டி, நீயா?"

தீர்ப்பை நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் போனை உங்கள் பக்கம் நீட்டியாயிற்று.