பேட்டரி பேசிய மதியங்கள்

முதன்முதலாக வெளிநாடு போனபோது என்ன பார்த்தாய் என்று கேட்டால், அவள் சொல்லும் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. "துண்டு" என்பாள். ஈரத் துண்டு, காய்ந்த துண்டு, மடித்து அடுக்கிய துண்டு. கூடப் போன வகுப்புத் தோழிகள் கோபுரம், அருங்காட்சியகம், ஆற்றில் படகு என்று அளந்து விடுவார்கள். "அவ்வளவு தூரம் பறந்து போயி துண்டா மடிச்சிட்டு வந்தே? அதை இங்கயே செய்யலாமே" என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் கிண்டலடிக்கிறார், மடிக்காத துணிக் குவியல் மேலேயே சாய்ந்துகொண்டு. அவளுக்கு ரோஷம் வருவதில்லை. கண்ணை மூடினால் போதும், அங்கே இருந்த ஒரு பார்லரின் வெதுவெதுப்பு கன்னத்தில் வந்து படிகிறது.

பள்ளியில் அந்த நாட்டு மொழியைப் பாடமாக எடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வகுப்பில் அவளுக்குப் பேட்டரி என்று பட்டப்பெயர். பக்கத்தில் உட்காரும் சிநேகிதிக்கு ரேடியோ. ரேடியோ வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள், ஆனால் மண்டையில் ஒரு சொல்லும் தங்காது. பேட்டரிக்கு அந்த மொழி தண்ணீர் பட்ட பாடு, ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். டீச்சர் கேள்வி கேட்டால் ரேடியோ எழுந்து நிற்பாள். பேட்டரி அவள் முதுகுக்குப் பின்னால் குனிந்து முணுமுணுப்பாள். ரேடியோ அதைக் கணீரென்று ஒலிபரப்புவாள். வருஷக் கணக்காக ஓடிய ஏற்பாடு இது. இருவருக்கும் இதில் குறை ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

பேட்டரியின் சங்கடம் அவள் குரல். கட்டைக் குரல், அடியில் ஒரு கரகரப்பு. ஃபோனை எடுத்தால் "தம்பி, அம்மா இருக்காங்களா?" என்பார்கள். ஒரு கல்யாண வீட்டில் அவள் தண்ணீர் கேட்டபோது சித்தப்பா, "இன்ஸ்பெக்டர் பேசுறாரு, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றார். பந்தியே சிரித்தது. அன்றைக்குப் பூட்டிய வாய்தான். ஆனால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்த மொழியில் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பார்ப்பாள். நாலு பேர் எதிரில், தன் சொந்தக் குரலில், அதில் ஒரே ஒரு முறை பேசிவிட வேண்டும் என்று ஏங்கினாள். அந்த ஆசையை ரேடியோவிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த மொழி பேசும் ஊருக்கு வகுப்பைக் கூட்டிப்போய் இறங்கியதும் டீச்சர் செய்த முதல் காரியம் இருவரையும் பிரித்தது. "தனித்தனி வீட்ல இருந்தாத்தான் வாய் வளரும்" என்றார். கடைசி நாள் டவுன்ஹாலில், தங்க வைத்த குடும்பங்களுக்கு வகுப்பின் சார்பாக நன்றி சொல்லும் பொறுப்பை ரேடியோவிடம் கொடுத்தார். யார் பின்னால் நின்று எடுத்துக் கொடுக்கப் போகிறார்கள் என்பது டீச்சருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டார்.

பேட்டரிக்குக் கிடைத்தது பார்லர்க்காரம்மா வீடு. கீழே பார்லர், மேலே அவர்கள் குடியிருக்கும் அறைகள். காலையில் வகுப்போடு ஊர் சுற்றல், மதியத்துக்கு மேல் அவரவர் வீடு. மேலே தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் அவள் கீழே இறங்கி வந்தாள். பார்லர்க்காரம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு கூடைத் துண்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

அந்த மதியங்களை எப்படிச் சொல்வது? ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, வெளியே போகிறவர்கள் நிறமாக மட்டும் தெரிவார்கள். ஷாம்பூ வாசனை. சுவரோரமாக வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றின் மேலும் முடி உலர்த்தும் ஒரு பெரிய டிரையர். பெண்கள் தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு அதற்குள் தலையைக் கொடுத்து, பத்திரிகையை மடியில் போட்டுக்கொண்டு, பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். எல்லா டிரையரும் சேர்ந்து ஊஊ என்று ஒரே சுருதியில் பாடும். பேசுகிறவர்களின் வாய் அசையும், சொல் வந்து சேராது. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. பயமே இல்லாத ஓர் இடத்துக்குத் தவறி வந்துவிட்டது போலவும் இருந்தது.

அந்த மயக்கத்தில்தான் ஒரு நாள் வாயைத் திறந்தாள். எதிரே டிரையருக்குள் தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் ஓர் அம்மா இருந்தார். இவருக்கு எங்கே கேட்கப் போகிறது என்ற தைரியம். "நான் துண்டு மடிக்கிறேன்" என்று அந்த மொழியில் சொன்னாள். அந்த அம்மா பத்திரிகையைப் புரட்டினார். "எனக்கு உங்க மொழி ரொம்பப் பிடிக்கும்" என்றாள். பக்கம் புரண்டது. அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. வீட்டைப் பற்றிச் சொன்னாள். சித்தப்பாவைப் பற்றிச் சொன்னாள். மறுநாள் வேறொரு பெண்ணிடம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். தாய்மொழியில் அம்மாவிடம்கூடச் சொல்லாததையெல்லாம், ரேடியோ இல்லாமல் தான் ஒன்றுமே இல்லையோ என்று தோன்றுவதையும்கூட, துண்டோடு துண்டாக மடித்து அடுக்கினாள்.

அவள் செய்த தவறு ஒன்றே ஒன்று. அதைச் செய்ய, தன் குரலைத் தானே கேட்டுப் பழகாத ஒருத்தியால்தான் முடியும். டிரையர் இரைச்சலில் தன் பேச்சு தன் காதில் விழ வேண்டுமே என்று குரலை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள். எவ்வளவு ஏற்றினோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தைய மதியம் தபால் ஆபீஸ் அம்மா டிரையருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார். "அந்த ரேடியோ பொண்ணை உனக்கு நெஜமாவே பிடிக்குமா, இல்ல பயமா? நேத்து அதைச் சொல்லாமலே நிறுத்திட்டே" என்றார்.

பேட்டரி மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கூடையில் போட்டாள். பார்லர் முழுக்க அவளையே பார்த்தது. வாசல் பக்கம் பக்கத்துக் கடை பேக்கரிக்காரர் மாவுக் கையோடு நின்றிருந்தார், அவர் தலையில் வெட்ட முடியே கிடையாது.

"எல்லாருக்குமே கேட்டுச்சா?" என்றாள்.

"தெருவுக்கே கேட்டுச்சு" என்றார் பார்லர்க்காரம்மா. "யாரும் மூச்சு விடக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சேன். தெரிஞ்சா நிறுத்திடுவியே. இந்தம்மா மீதிக் கதை கேக்கணும்னு இந்த வாரத்துல மூணாவது தடவையா தலை அலசிக்கிறாங்க."

"முடி கொட்டுது" என்றார் தபால் ஆபீஸ் அம்மா. "ஆனா பரவாயில்ல."

வெட்கம் பிடுங்கித் தின்றது. மாடிக்கு ஓடித் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெகு நேரம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. இத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள், குரலைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் டவுன்ஹால் நிறைந்திருந்தது. ரேடியோ மேடையில் மைக்குக்கு முன்னால் நின்றாள். பேட்டரி வழக்கம்போல அவள் முதுகுக்குப் பின்னால். முதல் வரியை முணுமுணுத்தாள், ரேடியோ கணீரென்று சொன்னாள். இரண்டாவது வரியும் அப்படியே போனது. பின்வரிசையில் பேக்கரிக்காரர் எழுந்தார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லும்மா" என்றார்.

சத்தமாச் சொல்லணுமாம் என்று பேட்டரி முணுமுணுக்க, ரேடியோ குரலை உயர்த்தி அதே வரியைத் திரும்பச் சொன்னாள்.

"நீ இல்லம்மா. உனக்குப் பின்னாடி இருக்காளே, அவ."

ரேடியோவுக்கு அவர் சொன்னது புரியவில்லை. என்னடி சொல்றாரு என்று கண்ணால் கேட்டபடி, மொழிபெயர்ப்புக்காகப் பேட்டரியைத் திரும்பிப் பார்த்தாள். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். உட்காரச் சொல்கிறார், தண்ணீர் வேண்டுமா என்கிறார், எது சொன்னாலும் ரேடியோ நம்பியிருப்பாள்.

"என்னைப் பேசச் சொல்றாரு" என்றாள்.

ரேடியோ மைக்கை விட்டு விலகி வழி விட்டாள். பேட்டரி பேசினாள். கட்டைக் குரல் மண்டபத்தின் மூலை முடுக்கெல்லாம் போய் வந்தது. என்ன பேசினாள் என்று இன்றைக்கு அவளுக்கே சரியாக நினைவில்லை. ஒரு கனவுக்குள் யாரோ பேசுகிற மாதிரி அது நீண்டுகொண்டே போனது, போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அதற்கு முன் இருந்ததில்லை.

திரும்பி வரும் விமானத்தில் ரேடியோ பக்கத்து இருக்கையில்தான் இருந்தாள். பேசவில்லை. கீழே மேகம் மட்டும் தெரிந்துகொண்டிருந்தது.

"உன் குரல் நல்லாத்தான்டி இருக்கு" என்றாள் கடைசியில், ஜன்னலைப் பார்த்தபடி. "எனக்கு அது முதல்லேர்ந்தே தெரியும்."

"அப்போ ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீயே பேசிடுவியே."

அதற்குப் பிறகும் இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். டீச்சர் கேள்வி கேட்டால் ரேடியோ எழுந்து, "தெரியாது டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். பழையபடி எடுத்துக் கொடுக்கப் பேட்டரி பதிலோடு கொஞ்சம் முன்னால் குனிந்திருப்பாள். ரேடியோ திரும்பிப் பார்க்க மாட்டாள்.